ஐந்தாவது படகு

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் தெருவில் பாதிப் பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் அழுவார்கள். இரண்டையும் தாங்கும் பொறுமை இப்போது என்னிடம் இல்லை. அண்ணன் என்றே எழுதுகிறேன். திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். அறுபது வயதுக்காரரும் "அண்ணே" என்பார், ஆறு வயதுப் பிள்ளையும் "அண்ணே" என்னும்.

தெரு முனையில் சாமியானா, சேர், சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை அவருடையது. நாலு கடை தள்ளி என்னுடைய ஜெராக்ஸ் கடை. ஆள் நல்ல உயரம். சலவைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, காதோரம் எப்போதும் ஒரு போன். எந்த வீட்டில் என்ன விசேஷம் என்றாலும், எந்த வீட்டில் என்ன துக்கம் என்றாலும், முதல் ஆளாக வாசலில் நிற்பார். நாம் என்ன கவலையைச் சொன்னாலும் வலது கையை லேசாகத் தூக்கி, ஏதோ ஒரு மூடியை மூடுவதுபோலக் கீழே இறக்குவார்.

"பாத்துக்கலாம் விடுங்க."

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லில் நம் பாரம் இறங்கிவிடும். எனக்கும் இறங்கியிருக்கிறது, பல தடவை. அதை இல்லையென்று சொன்னால் நான் பொய்க்காரி. இன்று யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால், கடைக்கு வந்த வாடிக்கையாளராகவே இருந்தாலும், எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரத்தம் வேண்டும் என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன். "பாத்துக்கலாம்மா, அழாத" என்றார். ஒரு மணி நேரத்தில் ஆறு பேரை பைக்கிலும் ஆட்டோவிலும் கொண்டுவந்து இறக்கினார். அவரும் கொடுத்தார். அம்மா பிழைத்தாள். அதற்குப் பிறகு அவர் எது சொன்னாலும் நான் தலையாட்டினேன். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. அதனால்தான் யாரும் அவரை ஒரு கேள்வி கேட்டதில்லை.

இதெல்லாம் நடந்து நாளான பிறகு ஒன்று தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்த ஆறு பேருக்கும் போன் செய்தது மதினி. மதினி என்பது அண்ணனின் மனைவி. யாருக்கு என்ன ரத்த வகை என்று ஒரு பழைய டைரியில் அவர்தான் எழுதி வைத்திருந்தார். அண்ணன் கூட்டிக்கொண்டு வந்தார்.

எல்லாக் கதையும் இப்படித்தான் இருந்திருக்கிறது. அப்போது எங்களுக்குக் கண் தெரியவில்லை.

என் மகள் யாழினிக்குக் காதுகுத்து வைத்தோம். இருநூறு பேர் என்று சொல்லியிருந்தேன். "முந்நூறு பேர் வந்தாலும் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன். வந்தது முந்நூறுதான். இரண்டாவது பந்தியில் சோறு தீர்ந்துவிட்டது. மண்டபத்தின் முன்பக்கம் அவர் ஒவ்வொருவர் தோளிலும் கை போட்டு, "வெஞ்சனம் எப்படி? கறி வெந்துருக்கா?" என்று கேட்டுக்கொண்டு திரிகிறார். பின்பக்கம் மதினி, பட்டுச்சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, ஆட்டோவில் போய் அரிசி வாங்கி வந்து, தானே அடுப்பு மூட்டி உலை வைத்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய், "மதினி, நீங்க ஏன் இதெல்லாம்?" என்றேன். "பின்ன யாரும்மா செய்வா?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னார். சாப்பிட்டுப் போனவர்கள் எல்லாம் அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

இன்னொரு வருஷம், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்டபோது, கம்பத்திலிருந்து இழுத்த ஒயர் ஒரு இடத்தில் தோல் உரிந்து தொங்கியது. என் கணவர் போய்ச் சொன்னார். "பாத்துக்கலாம், மாப்ள." மறுநாள் காலை மழைத் தூறலில் என் கணவர் அந்தக் கம்பத்தைத் தொட்டுவிட்டார். நல்லவேளை, தூக்கி எறிந்ததோடு சரி. முழங்கை வீங்கி ஒரு வாரம் கிடந்தார். அண்ணன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்க மாப்ளைக்குக் கரண்டே பயப்படுது பாருங்க" என்றார். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். கடைக்குப் போகும்வழியில் அந்தக் கம்பத்தைப் பார்த்தேன். ஒயரில் பிளாஸ்டிக் பை சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. பிள்ளைகள் கிட்டே போகாதபடி சுற்றிலும் நாலு சேரைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். யார் வேலை என்று கேட்கத் தேவையில்லை.

ஒருத்தர் வாயால் ஏற்றுக்கொண்டு, இன்னொருத்தர் கையால் செய்துகொண்டிருந்தால், அந்த வீடு ஊருக்கே நல்ல வீடாகத்தான் தெரியும்.

இனி படகு.

எங்கள் ஊருக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு குடத்தோடு சரி. அகரத்துப் பக்கம் போனால் குடகனாறு இருக்கிறது. பாலத்தில் நின்று பார்த்தால் மணலும் சீமைக்கருவேலமும்தான் தெரியும். எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு என்று வரையச் சொன்னால் நீலக் கலர் அடிப்பது பாடப்புத்தகத்தைப் பார்த்துத்தான். அப்படிப்பட்ட எங்களுக்கு அண்ணன் ஒரு நாள் போனில் ஒரு வீடியோ காட்டினார். கேரளாவில், கடலில் சேர்வதற்கு முன்னால் அகன்று கிடக்கும் ஒரு ஆறு. கரையெல்லாம் தென்னை. அதில் வரிசையாக நாலைந்து மோட்டார் படகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம், பாட்டு, கைதட்டல்.

"பெரிய போட்டுல டிக்கெட் எடுத்து, கண்டவனோட இடிச்சுக்கிட்டுப் போறது இல்ல. நம்ம தெரு, நம்ம ஆளுக, நம்ம போட்டு. அஞ்சு போட்டு தனியாப் பிடிச்சு ஊர்வலமாப் போறோம். நெனச்ச எடத்துல நிறுத்துறோம், நெனச்ச எடத்துல சாப்புடுறோம்" என்றார்.

வாட்ஸப்பில் குழு ஆரம்பித்தார். ஒரே நாளில் பதினோரு குடும்பம் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அவர் கடையில் அடுக்கிய சேர்களை இறக்கிப் போட்டுக் கூட்டம் நடந்தது. யார் எந்தப் படகு, வயசானவர்களுக்குக் கூரை உள்ள படகு, பிரியாணி எந்தப் படகில், பாட்டுப் பெட்டி எந்தப் படகில். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் கூடிப் பேசியதில்லை. பட்டியலை நான் என் கடையில் டைப் செய்தேன். மொத்தம் நாற்பத்தாறு பேர். ஐந்து படகு. ஒரு படகுக்கு ஒன்பது, ஒரு படகுக்கு மட்டும் பத்து.

பட்டியலைப் பார்த்துவிட்டு மதினி என் கடைக்கு வந்தார். "ஏம்மா, வயசுக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போட முடியுமா?" என்றார்.

"என்ன மதினி போடணும்?"

"நீச்சல் தெரியுமா தெரியாதான்னு."

போட்டேன். வீடு வீடாகப் போய் அவரே கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். நாற்பத்தாறு பேரில் நாலு பேருக்கு நீச்சல் தெரியும். அந்த நாலு பேரையும் ஒவ்வொரு படகில் ஒருவராகப் பிரித்துப் போடச் சொன்னார். ஐந்தாவது படகுக்கு நீச்சல் தெரிந்த ஆள் இல்லை என்று சொல்லி, அதில் தன் பெயரைப் போடச் சொன்னார்.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா மதினி?"

"தெரியாது. ஆனா முழிச்சுக்கிட்டு இருப்பேன்ல."

கூட்டத்தில் அவர் கேட்டது ஒரே கேள்வி. "அஞ்சு போட்டும் சொல்லியாச்சா?"

"நாலு பேரு சொல்லிட்டாங்க. அஞ்சாவது ஆளு போன் எடுக்கல. அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார் அண்ணன்.

மதினி மறுபடி வாயைத் திறந்தார். அண்ணன் கையை அந்த மூடி மூடும் அசைவில் இறக்கினார். எல்லோரும் பிரியாணிக்குத் திரும்பினார்கள். நானும்தான்.

விடியற்காலை கிளம்பிய இரண்டு வேன்களும் படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். நாலு படகு நின்றன. ஐந்தாவது இல்லை. ஒரு படகுக்குப் பத்து லைஃப் ஜாக்கெட். அண்ணன் பாட்டுப் பெட்டியைத் தூக்கி முதல் படகில் வைத்தார். அது நாலு ஆள் இடத்தை அடைத்தது. அவரும் அவருடைய சேக்காளிகளுமாக அதில் ஒன்பது பேர். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பதினொன்று, பதினொன்று. மிச்சமிருந்த எல்லோரும் கடைசிப் படகு. பதினைந்து பேர், அதோடு பிரியாணி அண்டா. என் கணவர் மூன்றாவதில் ஏறினார், நானும் யாழினியும் கடைசியில்.

அந்தப் படகை ஓட்டுகிற பையன் பெயர் ஷிபு. இருபத்தைந்து வயது இருக்கும். துறையிலேயே நின்று விரல்களை விரித்துக் காட்டினான்.

"சேட்டா, பத்து ஆள் மதி. அதிகம் வேண்டா. ஒரு மணிக்கூர் வெயிட் பண்ணுங்க, நான் வேற போட் விளிச்சுத் தராம்."

ஒரு மணி நேரம். மறுபடி எழுதுகிறேன், ஒரு மணி நேரம் காத்திருந்தால் வேறு படகு கூப்பிட்டுத் தருகிறேன் என்று அவன் சொன்னான். நாங்கள் பதினைந்து பேரும் கேட்டுக்கொண்டுதான் நின்றோம்.

"தம்பி, இதுல ஏழு பேரு பொடிசுக. வெயிட்டே கெடையாது" என்று அண்ணன் அவன் தோளில் கையைப் போட்டார். "வெயில் ஏறுது, சாப்பாடு ஆறுது. நான் இருக்கேன்ல? பாத்துக்கலாம், எடு."

மதினி கரையில்தான் நின்றார். "ஏங்க, செத்த நேரம் பொறுத்துப் போவமே. பிள்ளைக இங்கன வெளையாடட்டும். ஆள் கூடிப்போச்சுங்க."

"நீ சும்மா இரு. நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்காத. ஏறு."

அத்தனை பேர் முன்னால். சேக்காளிகளில் ஒருவர் சிரித்தார். மதினி ஏறினார்.

நான் அங்கேதான் நின்றேன். பட்டியல் டைப் செய்தவள் நான். ஒரு படகுக்கு எத்தனை பேர் என்று எனக்கு மனப்பாடம். 'அண்ணே, மதினி சொல்றது சரிதான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் தொண்டையில் என் அம்மாவுக்கு ஏற்றிய ரத்தம் அடைத்துக்கொண்டு நின்றது. சொல்லவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஏறியதும் கையில் கிடைத்த லைஃப் ஜாக்கெட்டை நான் மாட்டிக்கொண்டேன். பத்தும் தீர்ந்துபோன பிறகுதான் யாழினியைத் தேடினேன். அவள் படகின் பின்பக்கம் மற்றப் பிள்ளைகளோடு குதித்துக்கொண்டிருந்தாள். நான் என்னுடையதைக் கழற்றுவதற்குள் மதினி தன்னுடையதைக் கழற்றி அவளுக்கு மாட்டி, வார்களை இழுத்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். "மதினி, என்னோடதப் போடுறேன்" என்றேன். "நீ பேசாம இரும்மா, இது கட்டியாச்சு" என்றார். என்னுடையதைக் கழற்றி அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும். அந்த நினைப்பு அப்போது வரவில்லை. இப்போது வராத நாளில்லை.

அரை மணி நேரம் நன்றாகத்தான் போனது. ஆறு கடல் மாதிரி அகன்ற இடத்தில் முதல் படகு திரும்பி வந்தது. பாட்டு அலறுகிறது. அண்ணன் எழுந்து நின்று, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க! நாலு போட்டையும் சேத்து நிறுத்துங்கப்பா! போட்டோ!" என்று கத்தினார். ஷிபு, "எழும்ப வேண்டா, இரிக்கு, இரிக்கு!" என்று உட்காரச் சொல்லிக் கத்தினான். யார் குரலுக்கு நாங்கள் பழகியிருந்தோம்? பதினைந்து பேரில் பத்துப் பேர் எழுந்து அண்ணன் இருந்த பக்கம் சாய்ந்தார்கள்.

படகு கவிழ்வதற்கு அதிக நேரம் ஆகாது. கதவு சாத்துகிற நேரம்தான்.

தண்ணீருக்குள் எனக்கு ஞாபகம் இருப்பது பிரியாணி அண்டா என் காலில் இடித்துக்கொண்டு இறங்கியது மட்டும். மேலே வந்தபோது ஷிபு இரண்டு பிள்ளைகளைத் தலைமுடியோடு பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். விட்டுவிட்டு மறுபடி முங்கினான். மறுபடி முங்கினான். என் கணவரும் மூன்றாவது படகிலிருந்தவர்களும் கையைக் கொடுத்து எங்களைத் தூக்கினார்கள். யாழினி அந்தச் சிவப்பு லைஃப் ஜாக்கெட்டோடு பூ மாதிரி மிதந்தாள். பதினான்கு பேரும் ஓட்டுனவனும் வெளியே வந்தோம்.

மதினி கிடைக்க மத்தியானம் ஆயிற்று.

அண்ணன் கரையில் உருண்டு புரண்டு அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். திண்டுக்கல் வந்து சேர்ந்தபோது தெருவே கூடி நின்றது. அவர் கடைச் சாமியானாவையே அவர் வாசலில் கட்டினார்கள். வந்தவர்கள் எல்லோரும் அவரைக் கட்டிக்கொண்டு, "ஊருக்கெல்லாம் ஓடுன மனுசனுக்கு இப்படி ஆகலாமா" என்று அழுதார்கள். மதினியைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நல்ல பொம்பள" என்றார்கள். அதோடு முடிந்தது.

திண்டுக்கல் கிளம்புவதற்கு முன்னால், மதினியின் போஸ்ட்மார்ட்டம் முடிகிறவரை, நானும் யாழினியும் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தோம். அதற்குள் எங்கள் தெரு ஆண்கள் போலீஸில் வாக்குமூலம் கொடுத்துவிட்டார்கள். ஓட்டுனவன் வேகமாக ஓட்டினான், திருப்பத்தில் கவிழ்த்துவிட்டான் என்று. ஷிபுவை உள்ளே வைத்துவிட்டார்கள்.

இது எனக்குத் தெரிந்தது காரியம் முடிந்த பிறகு. மிச்சம் இருக்கிறவர்களும் வந்து சொல்ல வேண்டும் என்று போலீஸிலிருந்து தகவல் வந்தது. மறுநாள் காலை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். பாதி ஆளாகியிருந்தார். காபி வேண்டாம் என்றார்.

"நீ ஒண்ணும் பயப்படாதம்மா. அந்தப் பய வேகமா ஓட்டுனான்னு மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

எனக்கு உச்சியில் ஏதோ சுர்ரென்று ஏறியது. "அண்ணே, அவன் பத்துப் பேருக்கு மேல வேண்டாம்னு சொன்னான்ல?"

"சொன்னா என்ன? அவன் போட்டு. அவந்தான நிறுத்திருக்கணும்?"

"நீங்கதான எடுன்னு சொன்னீங்க?"

"நான் ஆயிரம் சொல்லுவேம்மா. நான் என்ன போட்டுக்காரனா?"

பதினான்கு வருஷமாக ஊர்க்காரியம் எல்லாம் தன் கையில் என்று நின்றவர், முதல் தடவையாகத் தன் கையில் எதுவும் இல்லை என்றார். என் கணவர் குறுக்கே வந்தார். "விடுடி. பொண்டாட்டியப் பறிகுடுத்துட்டு நிக்கிற மனுசன்ட்ட இப்படியா பேசுவ?"

இந்த ஒரு வாக்கியம்தான் அவருக்குக் கவசமாக இருந்தது. இன்றும் இருக்கிறது. மதினி செத்ததால் அவரைக் கேட்க முடியாது. மதினியைச் சாகக் கொடுத்தது யார் என்று கேட்டால், செத்தது அவர் பொண்டாட்டி ஆயிற்றே என்கிறார்கள். நான் சுவரில் முட்டிக்கொள்ளாத குறை.

"எங்கம்மாவுக்கு நீங்க செஞ்சத நான் மறக்கல அண்ணே. ஆனா நடந்ததத்தான் சொல்லுவேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "உன் பிள்ளை உசுரோட இருக்கு. அதான் உனக்குப் பேச்சு வருது" என்றார்.

உண்மைதான். அவள் போட்டிருந்தது மதினியின் லைஃப் ஜாக்கெட். அதனால்தான் எனக்குப் பேச்சு வந்தது. அவருக்குத்தான் அது புரியவில்லை.

ஒரே வேனில் போனோம். அவர், நான், என் கணவர், இன்னும் ஐந்து பேர். மலை ஏறி இறங்கும்வரை யாரும் என்னோடு பேசவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் பையை எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த ஒரு பெண் போலீஸ் எதிரே உட்கார்ந்து எழுதினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு படகு, பதினைந்து பேர், ஷிபு விரித்துக் காட்டிய விரல்கள், ஒரு மணி நேரம், போட்டோ. மதினி சொன்னது, அவருக்குக் கிடைத்த பதில். என் பட்டியலையும் கொடுத்தேன். கடைசியில், "கரையில நின்னப்ப எனக்கும் தெரியும். நான் வாயத் தொறக்கல. அதையும் எழுதிக்கங்க" என்றேன். அவர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார்.

வெளியே பெஞ்சில் ஷிபுவின் அம்மா உட்கார்ந்திருந்தார். யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். என் கையைப் பிடித்து என்னவோ சொன்னார். எனக்கு மலையாளம் பாதிதான் புரிந்தது. வேன் வரைக்கும் அந்தக் கையை விடாமல் கூடவே வந்தார்.

ஷிபு ஜாமீனில் வந்துவிட்டான். வழக்கு நடக்கிறது. அதில் இப்போது அண்ணன் பெயரும் இருக்கிறது. ஷிபு படகு ஓட்டுவதில்லை, பெயிண்ட் அடிக்கப் போகிறானாம். அவன் அன்றைக்கு எடுத்திருக்கக் கூடாதுதான், அவன் மேலும் தப்பு இருக்கிறது. ஆனால் அவன் ஒருவன்தான் வேண்டாம் என்று சொன்ன பிறகு எடுத்தான், அவன் ஒருவன்தான் மறுபடி மறுபடி முங்கினான்.

எங்கள் தெருவில் என் கடைக்கு முன்னைப்போல ஆள் வருவதில்லை. எதிர்த்தெருக் கடைக்குப் போகிறார்கள். போகட்டும். அண்ணன் கடை நடக்கிறது. விசேஷங்களுக்கு அவர்தான். ஆனால் போன மாதம் ஒரு கல்யாணத்தில் இலை பத்தவில்லை, இன்னொன்றில் தண்ணீர் வண்டி வரவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். பாவம், மனசு சரியில்லாமல் கோட்டை விடுகிறார் என்கிறார்கள். எனக்கு வருகிற கோபத்தில் எழுந்து கத்தலாம் போலிருக்கிறது. அவர் எப்போதும் அப்படித்தான் கோட்டை விட்டுக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்த ஆள் இப்போது இல்லை. இது ஒருவருக்குமா புரியவில்லை?

வாக்குமூலம் கொடுத்துவிட்டுத் திரும்பிய அன்று, மலை இறங்கியதும் கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தினார்கள். எல்லோரும் கடைக்குள் போனார்கள். நான் வெளியே புளியமரத்தடியில் நின்றேன். அண்ணன் என்னை நோக்கி வந்தார். அடிப்பாரோ என்று ஒரு நொடி தோன்றியது. வந்து, இரண்டடி தள்ளி நின்றார். கையெல்லாம் தளர்ந்து தொங்கியது.

"நீ அவ பக்கத்துலதான உக்காந்திருந்த?"

"ஆமா."

"கடைசியா ஏதாச்சும் சொன்னாளா?"

அத்தனை நாளில் அவர் அதைக் கேட்டது அப்போதுதான். சாவு வீட்டில் கேட்கவில்லை, காரியத்தன்று கேட்கவில்லை, என் வீட்டுக்கு வந்து நின்றபோதும் கேட்கவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். உங்களைத்தான் கேட்டார்கள், சாப்பிட்டீர்களா என்று விசாரித்தார்கள் என்று சொன்னால் அவர் வாழ்நாளெல்லாம் அதைச் சொல்லி அழுது ஆறியிருப்பார். சொல்ல மனசு வரவில்லை. மதினி ஒரு பொய்யையும் வாயில் வைத்திருந்தவர் இல்லை.

"துறையிலருந்து கெளம்புனதுமே என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க" என்றேன். "'எனக்குப் பயமா இருக்கும்மா'ன்னாங்க. 'அவருட்ட சொல்லாத, கோவிச்சுக்குவாரு'ன்னாங்க."

அவர் அப்படியே மெதுவாக இறங்கி, வெள்ளை வேட்டியோடு, ரோட்டோரப் புழுதியில் உட்கார்ந்துவிட்டார். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். "என்ன சொன்ன? என்ன சொல்லித் தொலைச்ச அவருட்ட?" என்று பக்கத்து வீட்டு அக்கா என் மேல் பாய்ந்தார்.

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் வேனில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.